விஸ்கி என்ற குதிரை

மார்ச் 4, செவ்வாய்

'லோன்லி ஆர் தி பிரேவ்' படத்தை ராத்திரி பத்து மணிக்கு மேல் பார்க்க ஆரம்பித்தேன். 1962இல் வந்த கருப்பு வெள்ளைப் படம். லயன் காமிக்ஸில் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவன் நான். கௌபாய் என்றால் பழைய காலத்து ஆள் என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. இந்தப் படத்திலோ கௌபாய் நாயகன் ஜாக் பர்ன்ஸ் பொட்டல் காட்டில் படுத்தபடி அண்ணாந்து பார்க்கிறான், வானத்தில் ஜெட் விமானங்கள் புகைக்கோடு இழுத்துக்கொண்டு போகின்றன. வழியில் முள்கம்பி வேலி வந்தால் கட்டிங் பிளேயரை எடுத்து வெட்டிவிட்டுப் போகிறான். அடையாள அட்டை என்று எதுவும் அவனிடம் கிடையாது. அவனுக்கென்று இருப்பது விஸ்கி என்ற பெண்குதிரைதான். அடங்காத இளம் குதிரை.

நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் விஸ்கி மிரளுகிறது. இரண்டு பக்கமும் கார்கள் சீறி வருகின்றன. எனக்குக் கை வியர்த்துவிட்டது.

மார்ச் 5, புதன்

மெக்சிகோவிலிருந்து கள்ளத்தனமாக வந்தவர்களுக்கு உதவியதற்காக நண்பன் பால் சிறையில் இருக்கிறான். அவனை வெளியே கொண்டுவரத்தான் பர்ன்ஸ் வேண்டுமென்றே வம்பிழுத்து உள்ளே போகிறான். ஆனால் மனைவி, பிள்ளை என்று இருக்கும் பால் வர மறுத்துவிடுகிறான். அவன் சொல்வதும் நியாயம்தான். பால் இல்லாமலே பர்ன்ஸ் தப்புகிறான்.

அப்புறம் மலை. நியூ மெக்சிகோவில் ஆல்புகர்க்கி பக்கத்தில் உள்ள சாண்டியா மலையிலேயே எடுத்திருக்கிறார்கள். கீழே ஜீப், வயர்லெஸ்; மேலே ஹெலிகாப்டர். ஆள் மட்டும் ஏறினால் எளிதாகத் தப்பிவிடலாம். அவனோ குதிரையையும் இழுத்துக்கொண்டு ஏறுகிறான். பாறைச் சரிவில் குளம்பு வழுக்குகிறது, அவன் முன்னால் நின்று கடிவாள வாரைப் பிடித்து இழுக்கிறான், திட்டுகிறான், கெஞ்சுகிறான். நடிப்பது கிர்க் டக்ளஸ் என்பதே மறந்துபோனது. தான் நடித்ததிலேயே தனக்குப் பிடித்த படம் இது என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் நம்புகிறேன்.

துரத்தி வரும் போலீஸ் அதிகாரியான ஷெரிஃபுக்கும் (வால்டர் மத்தாவ் நடித்தது) பர்ன்ஸைப் பிடிக்கவே மனசில்லை.

மார்ச் 6, வியாழன்

முடிவை நேற்றே பார்த்துவிட்டேன். எழுத முடியவில்லை, படுத்துவிட்டேன்.

மலையைத் தாண்டிவிட்டார்கள். இனி ஒரு சாலைதான் பாக்கி. இருட்டு, மழை. முகப்பு விளக்கு வெளிச்சத்தில் விஸ்கி அப்படியே நின்றுவிடுகிறது. கழிப்பறைப் பீங்கான் ஏற்றிய லாரி மோதுகிறது. படம் நெடுக அந்த லாரியை அவ்வப்போது காட்டிக்கொண்டே வந்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. டால்டன் ட்ரம்போ எழுதிய திரைக்கதை.

அடிபட்ட குதிரையின் அலறல் நிற்கவே இல்லை. துப்பாக்கி வெடிக்கும் சத்தம் கேட்கிறது. அதன் பிறகு அலறல் இல்லை. நமக்குக் காட்டுவது கீழே கிடக்கும் பர்ன்ஸின் முகத்தை மட்டும்தான். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இன்று முதல் அரைமணி நேரத்தை மட்டும் மறுபடி பார்த்தேன். அதே சாலை மிரட்சி, அதே ஹாரன் சத்தம். விஸ்கி சுற்றிச் சுழல்கிறது, அவன் விடாமல் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறான். அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.