இது ஆருக்குச் சொன்ன மறுமொழி?

மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது முதலில் மறுக்கத்தான் நினைத்தேன். விளையாட்டுப் போட்டிகள், மாணவர் தலைவர்களின் குறும்புகள், விடுதி வாழ்க்கை எல்லாவற்றையும் என்னைவிடச் சுவையாக எழுத எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். ஊடகக் கற்கைக் கோட்பாட்டுப் பரீட்சைக்கு நாங்கள் தயாரான விதத்தைப் பற்றி மட்டும் யாரும் எழுதியதாக நினைவில்லை. சரி, அந்த மூலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பாடத்தை எடுத்தவர்களுக்குத் தெரியும், செய்முறைப் பகுதி ஒரு கொண்டாட்டம். செய்தி எழுதலாம், பத்திரிகைப் பக்கம் வடிவமைக்கலாம், ஒலிப்பதிவு செய்யலாம். கோட்பாட்டுத் தாள் என்றதும் எல்லோருக்கும் முகம் மாறிவிடும். மேல்வகுப்பு அண்ணாமாரும் அக்காமாரும் விட்டுச்சென்ற குறிப்புகள், போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பியாக எங்கள் கைக்கு வந்து சேர்ந்தபோது, தொடர்பாடல் மாதிரிப் படங்களில் எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு அம்புக்குறி போகிறது என்பதே தெரியாத நிலை. லாஸ்வெல் 1948, பெர்லோ 1960, மக்லூகன் 1964 என்று கோட்பாட்டாளரின் பெயரும் ஆண்டும் வரிசையாக இருக்கும். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு இராது. பாடமாக்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வருவதுதான் வழக்கம்.

எங்கள் ரீச்சர் அந்தக் குறிப்புகளை எறியச் சொல்லவில்லை. "வைச்சிருங்கோ பிள்ளையள், உதவும்" என்றார். ஆனால் ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஒரு வரி இடம் விடச் சொன்னார். அந்த வரியில் எழுத வேண்டியது ஒரே ஒரு கேள்விக்கான பதில்: இது ஆருக்குச் சொன்ன மறுமொழி?

ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்து வெறுமனே ஒரு கோட்பாட்டைச் சொல்லிவிட்டுப் போவதில்லை, தனக்கு முன்னால் பேசியவரோடு வாக்குவாதப்படுகிறார் என்பது ரீச்சரின் கட்சி. ஊடகச் செய்தி இரண்டு படிகளில் மக்களைச் சேர்கிறது என்னும் இருபடிப் பாய்ச்சலை அவர் படிப்பித்த விதத்தைச் சொன்னால் விளங்கும். 1940ஆம் ஆண்டின் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். ஒஹாயோ மாநிலத்தில் ஈரி கவுண்டி என்ற இடத்தில் சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்டும் அவரது குழுவினரும் ஒரே வாக்காளர்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்துப் பேட்டி கண்டார்கள். பிரசாரம் மனதை எப்படி மாற்றுகிறது என்று பார்ப்பது நோக்கம். பார்த்தால், கட்சி மாறியவர்கள் மிகச் சிலர். வானொலியும் பத்திரிகையும் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த சாய்வை உறுதிப்படுத்தின. தங்களை அசைத்தது எது என்று கேட்டபோது, தெரிந்த மனிதர்களோடு பேசிய பேச்சைப் பலர் குறிப்பிட்டார்கள். ஊடகத்திலிருந்து கருத்துத் தலைவருக்கும், அவரிடமிருந்து மற்றவர்களுக்கும் என்ற படம் அங்கிருந்துதான் வந்தது. 1944இல் நூலாகி, 1955இல் காட்ஸும் லாசர்ஸ்ஃபெல்டும் அதை விரித்தார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு ரீச்சர் கேட்டார், "இப்ப சொல்லுங்கோ, இது ஆருக்கு மறுமொழி?" ஊடகம் நினைத்ததை எல்லோருக்குள்ளும் நேராக ஏற்றிவிடும் என்ற நம்பிக்கைக்கு என்று சொன்னோம். அதைத்தான் ஊசிக் கோட்பாடு என்று எங்கள் குறிப்பில் பெரிதாக எழுதியிருந்தது. ரீச்சர் அங்கும் விடவில்லை. அந்தப் பெயரில் ஒரு முழுமையான கோட்பாட்டை யாரும் முன்வைக்கவில்லை, அதை மறுக்க வந்தவர்கள்தான் பின்னால் பெயர் சூட்டினார்கள் என்றார். 1938 ஒக்டோபர் 30 அன்று ஒலிபரப்பான, செவ்வாய்க்கிரகத்தவர் படையெடுக்கும் வானொலி நாடகத்தைக் கேட்டு நாடே தெருவுக்கு ஓடியது என்று எல்லா விடைத்தாள்களிலும் ஒரு வசனம் இருக்குமே, அதையும் எங்களிடம் வெட்டுவித்தார். பீதி அடைந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அது எவ்வளவு பரவியது என்பதைப் பத்திரிகைகள் ஊதிப் பெருப்பித்தன என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். "அந்த உதாரணத்தை எழுதத்தான் வேணும் எண்டால், வானொலியின்ர பலத்துக்கு எழுதாதேங்கோ. போட்டி ஊடகம் அதை எப்படிச் செய்தியாக்கினது எண்டு எழுதுங்கோ" என்றார். எனக்கு இன்றைக்கும் அந்த இடம் பிடிக்கும். தேய்ந்துபோன ஓர் உதாரணத்தைத் திருப்பிப் பிடித்தால் புதிதாகிவிடுகிறது.

அப்புறம் மறுமொழிக்கு மறுமொழி. ஊடகத்தின் செல்வாக்குக் குறைவுதான் என்றால் அது செய்வதுதான் என்ன? மக்கோம்ஸ், ஷோ என்ற இரு ஆய்வாளர்கள் 1968 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது சப்பல் ஹில் நகரில், யாருக்கு வாக்களிப்பதென்று இன்னும் தீர்மானிக்காத 100 வாக்காளர்களிடம் முக்கியமான பிரச்சினைகள் எவை என்று கேட்டு, ஊடகங்கள் முக்கியத்துவம் கொடுத்தவற்றோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் நெருங்கிப் பொருந்தின. 1972இல் வெளியான நிகழ்ச்சிநிரல் அமைத்தல் ஆய்வு அதுதான். எந்த முடிவுக்கு வருவது என்று ஊடகம் சொல்லாவிட்டாலும், எதைப் பற்றி யோசிப்பது என்று சொல்லிவிடுகிறது. இங்கும் ஒரு குறை உண்டு: பொருந்துகிறது என்பதால் ஊடகம்தான் காரணம் என்று ஆகிவிடாது. மக்கள் கவலைப்படுவதை ஊடகம் பின்தொடர்ந்திருக்கவும் கூடும். ‘திறனாய்க’ என்று வரும் வினாவுக்கு இந்த ஓர் ஐயம் ஒரு பந்திக்குப் போதும்.

எந்தச் செய்தியை உள்ளே விடுவது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிப்பவர்களைப் பற்றிய வாயிற்காப்போர் பாடம் வேறுமாதிரி நடந்தது. ரீச்சர் ஒரு கட்டுச் செய்திகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, ஒரு பக்கத்துக்கு மட்டும் இடம் இருக்கிறது, தெரிவு செய்யுங்கள் என்றார். எடுத்தவற்றுக்குக் காரணம் கேட்பார் என்று நினைத்தோம். தள்ளியவற்றுக்குக் காரணம் எழுதச் சொன்னார்! ‘சுவாரசியம் இல்லை’, ‘ஏற்கெனவே வந்தது’, ‘நீளம்’, ‘இது யாருக்கு வேணும்’ என்று கிறுக்கினோம். அதன் பிறகுதான் வைட்டின் ஆய்வைத் திறந்தார். 1950இல் வெளியான அந்த ஆய்வில், ஒரு சிறு பத்திரிகையின் ஆசிரியர் ஒருவர் ஒரு வாரம் முழுக்கத் தனக்கு வந்த செய்திகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கைத் தள்ளி, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி வைத்திருந்தார். அவர் எழுதிய காரணங்களுக்கும் எங்கள் கிறுக்கலுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. வகுப்பு சிரித்தது. இன்னொன்று, அந்தக் கருத்தின் மூலவரான குர்ட் லெவின் அதை ஆராயத் தொடங்கியது செய்தி அறையில் அல்ல. வீட்டுக்குள் எந்த உணவு வருகிறது, எது வராமல் போகிறது, அதை யார் தீர்மானிக்கிறார் என்ற ஆய்வில். இதைப் பரீட்சையில் எழுதினால் தனியாகப் புள்ளி கிடைக்காதுதான், ஆனால் ஒரு தடவை கேட்டவர் மறக்கமாட்டார்.

அந்த விளையாட்டோடு பாடம் முடிந்திருந்தால் தனிமனித விருப்பம்தான் எல்லாம் என்று எழுதிவிட்டிருப்போம். மறுநாள் கால்டுங், ரூகே என்ற ஆய்வாளர்கள் பாடத்துக்கு வந்தார்கள். கொங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நோர்வேயின் 4 பத்திரிகைகள் எப்படி வெளியிட்டன என்று பார்த்து, ஒரு நிகழ்வு செய்தியாவதற்கு உதவும் 12 காரணிகளை 1965இல் அவர்கள் பட்டியலிட்டார்கள். எங்கள் கிறுக்கல்களை அந்தப் பட்டியலோடு பொருத்திப் பார்க்கச் சொன்னார் ரீச்சர். எங்கள் சொந்த ரசனை என்று நினைத்தவற்றில் பாதி அங்கே ஏற்கெனவே இருந்தது. வைட் சொன்ன தனிமனிதருக்குப் பின்னால் ஒரு தொழிலின் பழக்கம் நிற்கிறது என்று, யாரும் சொல்லித்தராமலே நாங்கள் எழுதினோம்.

ஒரே ஊடகச் செய்தியை எல்லோரும் ஒரே மாதிரி வாசிப்பதில்லை என்ற ஸ்டுவர்ட் ஹால் பாடத்துக்கு வந்தபோது பெரிய விளக்கம் தேவைப்படவில்லை. ஒரே விளம்பரத்தை ஏற்பவர், பேரம்பேசி ஏற்பவர், எதிர்ப்பவர் மூவரும் எங்கள் வகுப்பிலேயே பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள்.

பரீட்சைக்கு நெருங்கியதும் ரீச்சரின் முகமே மாறிவிடும். கதை நின்றுவிடும், கடந்தகால வினாத்தாள்கள் வெளியே வரும். முழு விடை எழுதுவிப்பது குறைவு. முதல் பந்தியை மட்டும் மறுபடி மறுபடி எழுதுவிப்பார். லாஸ்வெல்லின் வாழ்க்கை வரலாற்றோடு தொடங்கினால் சிவப்புக் கோடு விழும். வினா என்ன கேட்கிறதோ அதற்கு இரண்டாம் வசனத்துக்குள் நேரான பதில் வந்துவிட வேண்டும். ‘விளக்குக’ என்றால் எப்படி இயங்குகிறது என்று. ‘ஒப்பிடுக’ என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்து. முதல் பக்கம் ஒன்றைப் பற்றியும் அடுத்த பக்கம் மற்றதைப் பற்றியும் எழுதினால் அதை ஒப்பீடாக எடுக்கவே மாட்டார். மாதிரிப் படம் கீறினால் படத்துக்குக் கீழே அதைப் பயன்படுத்தி ஒரு வசனமாவது இருக்க வேண்டும். ஷனன், வீவர் இருவரின் தொடர்பாடல் மாதிரிப் படத்தில், பெறுபவரின் பதில் அனுப்பியவரிடம் திரும்புவதைக் காட்டும் பின்னூட்டல் அம்புக்குறி போட்டவர்களுக்குத் தனிப் பேச்சு விழும். ஷனன் பெல் ஆய்வுகூடத்துக் கணிதவியலாளர்; சமிக்ஞை பிசகாமல் போய்ச் சேருகிறதா என்பதுதான் அவருடைய கவலை. பொருள் விளங்கியதா என்பது அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினையே அல்ல. பின்னூட்டல் பின்வந்தவர்கள் சேர்த்தது. எங்கள் பழைய போட்டோக்கொப்பியில் அந்த அம்புக்குறி தடிப்பாக இருந்தது வேறு கதை.

பெயர் மறைத்த விடைத்தாள்களை எங்களுக்கே மாற்றித் தந்து திருத்தவும் வைப்பார். அடுக்கி வைத்த தாள்களில் எல்லாமே ஒரே உதாரணத்தோடு வரும்போது திருத்துகிறவருக்கு எவ்வளவு அலுப்பு வரும் என்பது அப்போது தெரிந்தது. அதற்குப் பிறகு அன்றைய பத்திரிகையிலிருந்து உதாரணம் தேடுவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

ரீச்சரோடு எனக்கு உடன்பாடில்லாத விடயமும் உண்டு. பாடமாக்குவதை அவர் அளவுக்கு மீறி இளக்காரமாகப் பேசுவார். மண்டபத்தில் மணி அடித்து வினாத்தாள் கைக்கு வரும் நேரத்தில் பெயரும் ஆண்டும் நாவில் நிற்பவருக்குத்தான் யோசிக்க நேரம் மிஞ்சும். வாக்குவாதத்தை விளங்கிக்கொண்ட சிலர் பெயர்களைக் குழப்பிப் புள்ளி இழந்ததை நான் பார்த்தேன். இரண்டும் வேண்டும் என்பதே என் கட்சி. ஆண்டு வெறும் அலங்காரமும் அல்ல. 1940 என்றால் வீடுகளில் தொலைக்காட்சி இல்லை, அந்த ஆய்வு பேசுவது வானொலியையும் பத்திரிகையையும் என்று உடனே நினைவு வர வேண்டும்.

இப்போது எங்கள் சங்கத்தின் சிலர் வார இறுதிகளில் சூமில் பாடசாலையின் இன்றைய மாணவர்களுக்கு இந்தத் தாளுக்கு உதவுகிறோம். பிள்ளைகள் கொண்டுவரும் குறிப்புகள் மிக அழகாக இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதிக்கொடுத்தது என்று ஒளிக்காமலே சொல்கிறார்கள். அப்படி வந்த ஒன்றிலும் ஷனனுக்குப் பின்னூட்டல் அம்புக்குறி இருந்தது! எங்களுக்கு இணையத்தில் எதைக் காட்டுவது என்று தெரிவுசெய்யும் அல்கோரிதம் ஒரு வாயிற்காப்போரா என்று ஒரு மாணவி கேட்டார். நான் ரீச்சரின் கேள்வியைத் திருப்பிக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வைட்டின் பத்திரிகை ஆசிரியரிடம் காரணத்தைக் கேட்கலாம், இதனிடம் கேட்க முடியாது. அதேநேரம் நாங்கள் அழுத்துவதைப் பார்த்துத்தான் அது வாயிலைத் திறக்கிறது, ஆகவே மக்கள் தங்கள் தேவைக்கேற்ப ஊடகத்தைத் தெரிவுசெய்கிறார்கள் என்னும் ‘பயன்பாடும் திருப்தியும்’ கோட்பாட்டையும் பக்கத்தில் வைக்க வேணும் என்றார். எங்கள் காலத்தில் அப்படி ஒரு விடையை யாரும் எழுதியிருக்க மாட்டோம்.

அடுத்த தவணையில் விடைத்தாள் திருத்த ஆட்கள் போதாது. ஊடகத்துறையில் இருப்பவர்கள்தான் வேண்டும் என்றில்லை; புள்ளித்திட்டம் தருவோம், வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கினால் போதும். விருப்பமுள்ளவர்கள் செயற்குழுவிடம் பெயரைக் கொடுங்கள்.