நான்கு ஓட்டு போதவில்லை: டெக்சாஸ் பள்ளி மாவட்டம் ஒன்றின் ‘டி.ஓ.ஐ.’ புதுப்பிப்பு

அன்றிரவு எங்கள் பள்ளி மாவட்டப் போர்டு கூட்ட மேடையில், ஏழு டிரஸ்டிகளில் (போர்டு உறுப்பினர்களில்) ஐந்து பேர் இருந்தார்கள். நான்கு பேர் ‘சரி’ என்றார்கள், ஒருவர் ‘வேண்டாம்’ என்றார். திட்டம் தோற்றது. அது தோற்றுவிட்டதே அரங்கில் இருந்த பாதிப் பேருக்குப் புரியவில்லை. கைகூடத் தட்டினார்கள்.

‘டிஸ்ட்ரிக்ட் ஆஃப் இன்னோவேஷன்’ (டி.ஓ.ஐ.), அதாவது சில மாநில விதிகளிலிருந்து பள்ளி மாவட்டம் விலக்கு பெறும் திட்டம். அதற்குச் சட்டம் கேட்பது வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அல்ல, போர்டின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு. ஏழு பேர் போர்டு என்றால் ஐந்து ஓட்டு வேண்டும். இரண்டு பேர் வராத நாளில் வந்த ஐவரும் ஒரே பக்கம் நின்றாக வேண்டும். தேதி குறிக்கும் முன்பே ஒவ்வொருவரிடமும் ‘அன்றைக்கு வருவீர்களா’ என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அதற்கு மேல் போய் ‘எப்படி ஓட்டுப் போடுவீர்கள்’ என்று ஆளாளுக்கு விசாரித்து எண்ணிக்கை சேர்க்காதீர்கள். போர்டு விவாதம் பொதுக்கூட்டத்தில்தான் நடக்க வேண்டும் என்கிற ஓபன் மீட்டிங்ஸ் சட்டத்தில் சிக்கல் வரும்.

2015இல் வந்த ஹவுஸ் பில் 1842, கல்விச் சட்டத்தில் 12ஏ என்ற அத்தியாயத்தைச் சேர்த்தது. மாநில விதிகளில் சிலவற்றை ‘இது எங்களுக்குப் பொருந்தாது’ என்று பள்ளி மாவட்டமே ஒதுக்கிவைக்கலாம். எல் காம்போ பள்ளி மாவட்டம் (ஐ.எஸ்.டி.) இதில் முதலில் சேர்ந்தது, இப்போது மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்கள் இதில்தான் இருக்கின்றன. டாலஸ், ஹூஸ்டன் பக்கம் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம்மவர்கள் ஆகஸ்ட் இரண்டாம் வாரமே பள்ளி திறப்பதைப் பார்க்கிறோமே, அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். விலக்கு இல்லாவிட்டால், சட்டப்படி ஆகஸ்ட் நான்காம் திங்கட்கிழமைக்கு முன் திறக்கக் கூடாது.

முதல்முறை போகிறவர்களுக்குத் தீர்மானம், பொது விசாரணை, திட்டம் எழுதும் கமிட்டி என்று முன்கட்டங்கள் உண்டு. எங்களுடையது புதுப்பிப்பு என்பதால் அவை இல்லை. மற்றதெல்லாம் அப்படியே: இறுதி வடிவத்தை இணையதளத்தில் குறைந்தது 30 நாள் போட வேண்டும், ஓட்டெடுப்பு நடத்தப்போவதை மாநிலக் கல்வி கமிஷனருக்குத் தெரிவிக்க வேண்டும், மாவட்ட ஆலோசனைக் கமிட்டி பொதுக்கூட்டம் கூட்டி ஏற்க வேண்டும், பிறகு போர்டு. பழைய திட்டம் பிப்ரவரியில் முடிகிறது, நவம்பரில் வேலையைத் தொடங்கினால் தாராளம் என்று நினைத்தோம்.

முதல் அடி ஒரே ஒரு ‘1’. பள்ளி திறக்கும் தேதி பற்றிய பிரிவு 25.0811. திட்டத்தில் 25.081 என்று அச்சாகியிருந்தது. அது வேறு பிரிவு, ஆண்டுக்கு 75,600 நிமிடம் பள்ளி நடத்த வேண்டும் என்பது. தேதியை முன்னே நகர்த்தப் போன இடத்தில், நிமிடக் கணக்கையே கைவிடுவதாகப் பத்து நாளாக இணையத்தில் கிடந்தது. கண்டுபிடித்தது ஒரு பெற்றோர். திருத்திய கோப்பை அதே சுட்டியில் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. திருத்தினால் முன்பு போட்டது ‘இறுதி வடிவம்’ ஆகாது, 30 நாளை மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள் என்றார் வக்கீல். அவர் சொன்னதுதான் சரி. பின்னால் யாராவது கேள்வி எழுப்பினால் முழுத் திட்டமும் ஆட்டம் காணும். பதிவேற்றும் முன் ஒருவர் பிரிவு எண்ணை வாசிக்க, இன்னொருவர் சட்டத்தைத் திறந்து தலைப்பைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அரைமணி நேர வேலை, எங்களுக்குப் பத்து நாள் போனது.

இரண்டாவது அடி ஆலோசனைக் கமிட்டியில். 19 பேர் கமிட்டி, வந்தது 12, ஆதரவு 9. வந்தவர்களில் பெரும்பான்மைதானே என்று தலைவர் முடித்துவிடப் பார்த்தார். சட்டம் கமிட்டி உறுப்பினர்களின் பெரும்பான்மை என்கிறது, அப்படியானால் 10 வேண்டும். இன்னொரு கூட்டம் போட்டோம். நீண்ட நாளாக வராதவர்களின் இடங்களை உள்ளூர்க் கொள்கைப்படி முன்பே நிரப்பியிருந்தால் இந்த அலைச்சல் இல்லை. இன்னொன்று: மாவட்டத்தில் வேலை பார்க்கும் பெற்றோரைப் ‘பெற்றோர் பிரதிநிதி’ கணக்கில் சேர்க்க முடியாது. எங்கள் பட்டியலில் அப்படி ஒருவர் இருந்தார்.

கமிட்டிக் கூட்டத்தைப் போர்டு கூட்டத்துக்குச் சற்று முன்னால், அதே மாலையில் வைக்கவும் சட்டம் இடம் தருகிறது. வசதியாகத் தெரியும், வைக்காதீர்கள். கமிட்டியில் ஒரு ஓட்டுக் குறைந்தால் போர்டு அஜெண்டாவில் இருப்பது அப்படியே செத்துவிடும்.

போர்டில் தோற்ற மறுநாள் ஒருவர் கோப்பை இணையத்திலிருந்து எடுக்கப் போனார். நல்லவேளை தடுத்தோம். ஒரு எழுத்தும் மாறாமல் அது அங்கேயே கிடந்ததால்தான் மூன்று வாரத்தில் சிறப்புக் கூட்டம் போட்டு மீண்டும் ஓட்டுக்கு விட முடிந்தது. இந்த முறை ஆறு பேர் வந்தார்கள், ஐந்து ஓட்டு விழுந்தது. பழைய திட்டம் காலாவதியாக ஒன்பது நாள் இருந்தது.

டி.இ.ஏ. எனும் மாநிலக் கல்வித் துறையிடமிருந்து ஒப்புதல் கடிதம் வரும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வராது. மாநிலம் இதற்கு அனுமதி தருவதில்லை, அறிவிப்பைப் பெற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். விலக்குப் பட்டியல் படிவத்தில் டிக் செய்த பிரிவுகளும் திட்டத்தில் எழுதிய பிரிவுகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று மட்டும் ஒத்துப் பாருங்கள். திட்டம் நிறைவேறிய 15 நாளுக்குள் அதன் நகலை டி.இ.ஏ.வுக்கு அனுப்பிவிட வேண்டும்.

விலக்கு கிடைத்துவிட்டது என்று எல்லாவற்றிலும் கைவைக்க முடியாது. பாடத்திட்டம், பட்டம் பெறுவதற்கான தகுதி, 39ஆம் அத்தியாயத்தின் தரமதிப்பீடு ஆகியவை அசையாது. 25.081இலிருந்தே விலக்கு வாங்கினாலும் மாநில நிதிக்கான நிமிடக் கணக்கு தனியாக நிற்கும், நிமிடம் குறைந்தால் பணம் குறையும். சான்றிதழ் இல்லாத ஆசிரியரை எடுக்க 21.003இலிருந்து விலக்கு வாங்குவது பரவலான வழக்கம். ஆனால் சிறப்புக் கல்விக்குக் கூட்டரசுச் சட்டம் மாநிலச் சான்றிதழைக் கட்டாயமாகக் கேட்கிறது, கைரேகைச் சோதனையும் போகாது. 2025இல் வந்த ஹவுஸ் பில் 2 முக்கியப் பாடங்களில் இந்த வழியைப் படிப்படியாக அடைக்கிறது. பழைய திட்டத்திலிருந்து ஆசிரியர் சான்றிதழ் பற்றிய பத்தியை அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள்.

‘உங்கள் பிள்ளையின் ஆசிரியருக்குச் சான்றிதழ் இல்லை’ என்று வீட்டுக்குக் கடிதம் அனுப்பச் சொல்லும் 21.057இலிருந்தும் பல மாவட்டங்கள் விலக்கு வாங்கியிருக்கின்றன. ஏழை மாணவர்களுக்கான கூட்டரசு உதவியான டைட்டில் 1 நிதி வாங்கும் பள்ளியில், அப்படிப்பட்டவர் தொடர்ந்து நான்கு வாரமோ அதற்கு மேலோ பாடம் எடுத்தால் கூட்டரசு விதிப்படி கடிதம் போயே ஆக வேண்டும். எந்தக் கடிதம் எந்தச் சட்டத்தால் போகிறது என்று அலுவலகத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். எங்களிடம் யாருக்கும் தெரியவில்லை.

நாங்கள் சண்டை போட்டு ஜெயித்தது ஒன்று உண்டு. ப்ரீ-கிண்டர்கார்டன் முதல் 4ஆம் வகுப்புவரை வகுப்புக்கு 22 பிள்ளைகள் என்பது 25.112. அதைத் தாண்டும்போது பெற்றோருக்குத் தெரிவிக்கச் சொல்வது 25.113. வரைவில் இரண்டிலிருந்தும் சேர்த்தே விலக்கு கேட்டிருந்தார்கள். 23ஆவது பிள்ளைக்கு இடம் தேவைப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் மறைப்பதற்கு என்ன நியாயம்? 25.112 மட்டும் போனது, 25.113 தப்பியது. நம் ஊர்ப் பெற்றோர் யாராவது இந்தக் கமிட்டியில் இருந்தால் முதலில் இந்த வரியைத் தேடுங்கள்.

திட்டம் நிறைவேறியதும் உள்ளூர்க் கொள்கைகளையும் மாற்ற வேண்டும்: பள்ளி ஆண்டுக்கு ‘ஈ.பி.’ என்ற குறியீட்டுக் கொள்கை, வகுப்பு அளவுக்கு ‘ஈ.ஈ.பி.’, ஆசிரியர் தகுதிக்கு ‘டி.பி.ஏ.’. மறந்தால் திட்டம் ஒன்று சொல்லும், கொள்கை வேறொன்று சொல்லும். இடையில் திருத்தம் செய்தாலும் கமிட்டி, மூன்றில் இரண்டு பங்கு எல்லாம் உண்டு, ஆனால் முடிவுத் தேதி நகராது.

அந்த முடிவுத் தேதிதான் இவ்வளவு ஓட்டத்துக்கும் காரணம். பள்ளி ஆண்டின் நடுவில், பிப்ரவரியில் திட்டம் காலாவதியானால் மார்ச் மாதம் வகுப்பில் நிற்கும் சான்றிதழ் இல்லாத ஆசிரியரை என்ன செய்வது? ஐந்து ஆண்டு என்பது உச்சவரம்பு மட்டுமே, முழுதாக எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இந்த முறை முடிவுத் தேதியை ஜூன் 30 என்று போட்டோம். ஏழெட்டு மாதம் வீணாகிறதே என்று ஒருவர் கேட்டார். சிறப்புக் கூட்டத்தன்று அவர் ஊரில் இல்லை.