என் பொண்ணு படிக்கிற கவர்மென்ட் ஸ்கூல்

காரைக்குடி பக்கத்து ஊர்ல அரசு மேல்நிலைப் பள்ளியில என் பொண்ணு இப்ப பதினொண்ணு படிக்கிறா, ஆறாவதுல சேத்தப்பவே எதிர்வீட்டு ஆச்சில இருந்து சொந்தக்காரங்க வரைக்கும் மெட்ரிக்ல போட வேண்டியதானேன்னு கேட்டாங்க. எனக்கும் அப்ப மனசு கெடந்து அடிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு.

போன வாரம் பள்ளி மேலாண்மைக் குழு கூட்டம். அம்மாக்கள் எல்லாரும் பேசுனது பாத்ரூம் பத்திதான். அங்க தண்ணி வராததால பொம்பளப் புள்ளைக நாள் பூரா தண்ணியே குடிக்காம இருந்துட்டு வயித்து வலியோட வீட்டுக்கு வருதுக, இத எத்தன தடவ சொல்றது? கெமிஸ்ட்ரிக்கு வாத்தியாரும் இல்ல, வேற ஸ்கூல்ல இருந்து வாரத்துக்கு ரெண்டு நாள் வர்றாரு, ப்ளஸ் ஒன்னுக்கு அது எப்புடிப் பத்தும்?

ஆனா பொண்ணுகிட்ட கேட்டா வேற சொல்றா. மேத்ஸ் டீச்சர் சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் கூட உக்காந்து, புரியலன்னா திட்டாம திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுறாங்களாம், "அந்த டீச்சர விட்டு எங்கயும் போக மாட்டேம்மா"ங்குறா. கேட்டப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

இன்னொன்னும் இருக்கு. ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சா 2020ல வந்த அந்த 7.5 சதவீத மெடிக்கல் ஒதுக்கீடு, காலேஜ் போனா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா கெடைக்கும், இப்ப மெட்ரிக்குக்கு மாத்துனா ரெண்டும் போயிரும்.

அதனால மாத்தல. பாத்ரூமுக்குத் தண்ணி வர்றதுக்கு மோட்டார் மாத்தணும்னு தீர்மானத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கோம், வெள்ளிக்கிழமை நாலு அம்மாக்கள் சேந்து போயி மறுபடி கேக்கப் போறோம்.