41-ஆவது க்யூ

ஜனவரி 19

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். நடிப்பவர்களின் வரிசையில் என் பெயர் இல்லை. கீழே, தனியாக: மேடை மேலாளர்.

ஜனவரி 20

எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 24

பிராம்ப்ட் புக் தயார். ஒரு பக்கம் வசனம், எதிர்ப்பக்கம் வெறும் தாள். யார் எந்த வசனத்தில் எங்கிருந்து எங்கே நகர்கிறார்கள் என்பதெல்லாம் அந்த வெறும் தாளில், பென்சிலால். தினமும் மாறும், பேனாவைத் தொடாதே என்றார் சார். மேடையில் வலம், இடம் என்பது பார்வையாளர்களைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலம், இடம். எதிரே உட்கார்ந்து எழுதும்போது எல்லாவற்றையும் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. நடிப்பு வகுப்பில் உடம்பே அதைச் செய்துகொள்ளும், யோசிக்கவே வேண்டாம்.

நான் கேட்ட பாத்திரம் கிடைத்தவள் நன்றாகச் செய்கிறாள். எனக்கு வலித்தாலும் அதுதான் உண்மை. இரண்டாம் அங்கத்தில் கடிதத்தை மடித்து வைத்த பிறகு, பதில் சொல்வதற்கு முன் ஒரு மௌனம் வைக்கிறாள். சார் சொல்லிக் கொடுத்ததில்லை. அவளாகவே கண்டுபிடித்தது.

பிப்ரவரி 2

மௌனம் இன்று 7 நொடி. நேற்று 5.

பிப்ரவரி 6

மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கிய 1898-லேயே ரஷ்ய இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி செகாவின் நாடகம் ஒன்றை மேடையேற்றினார். அதற்காக அவர் எழுதிய இயக்கக் குறிப்புகளைப் பற்றி இன்று நூலகத்தில் படித்தேன். தவளைச் சத்தம் எப்போது, நாய் குரைப்பது எப்போது, எந்த மௌனம் எத்தனை நொடி என்று எழுதிவைத்திருக்கிறார். நடிகரின் உள்ளே என்ன நடக்கிறது என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் நொடி எண்ணியிருக்கிறார்! முதல் வருடத்தில் 'அந்த இடத்தில் நான் இருந்தால்' என்ற அவருடைய பயிற்சியை எங்களுக்குக் கொடுத்தார்கள். நொடிக் கணக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. நடிப்பு ஒரு துறை, மேடைப் பொறுப்பு இன்னொரு துறை என்று பாடத்திட்டத்தில் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவருடைய தாளில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

அவளிடம் நொடிக் கணக்கைச் சொல்லவில்லை. சொன்னால் எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

பிப்ரவரி 11

விளக்குகள் ஏற்றினோம். ஒவ்வொன்றுக்கும் கொக்கி, அதோடு தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பி. கொக்கி விட்டாலும் விளக்கு கீழே நிற்பவர் தலையில் விழாது.

ஒளியமைக்கும் அண்ணாவோடு நீண்ட பேச்சு. விளக்கோ ஒலியோ மாற நான் சைகை கொடுக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு க்யூ; க்யூ 41 அந்த மௌனத்தில்தான் வருகிறது. ஜன்னல் வெளிச்சம் 9 நொடியில் இறங்க வேண்டும். எல்.இ.டி. போட்டால் வேலை சுலபம், ஆனால் வேண்டாம் என்கிறார். டங்ஸ்டன் விளக்கை மங்கவிட்டால் ஒளி கொஞ்சம் கொஞ்சமாகச் சிவக்கும். அவள் முகம் இருளுக்குள் போகும்போதே சூடேறுவது போலத் தெரியும். அவர் தூரத்தை அளக்க, நான் அவள் இடத்தில் போய் நின்றேன். வெளிச்சம் முகத்தில் பட்டதும் என்னையறியாமல் முதுகு நிமிர்ந்தது.

இரவு போவதற்கு முன் வெளியேறும் கதவுகளை எல்லாம் தள்ளிப் பார்த்தேன். 1903-இல் சிகாகோவின் இரோக்வா அரங்கில் ஒரு விளக்கிலிருந்து திரைச்சீலையில் தீ பிடித்தது. இறக்க வேண்டிய தீத்திரை பாதியில் மாட்டிக்கொண்டது. கதவுகள் திறக்க முடியாதபடி இருந்தன. 600 பேருக்கு மேல் இறந்துபோனார்கள், பலர் குழந்தைகள். வகுப்பில் இதைக் கேட்ட நாளிலிருந்து எந்த அரங்குக்குப் போனாலும் என் கண் முதலில் கதவைத்தான் தேடுகிறது. பக்கத்திரைக்குப் பின்னால் வழியை மறித்து யாரோ நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். நானே எடுத்துப் போட்டேன். நாளைக்கு எல்லோரிடமும் சத்தமாகச் சொல்லப் போகிறேன்.

பிப்ரவரி 15

அவளுக்குக் குரல் கட்டிவிட்டது.

பிப்ரவரி 16

கிசுகிசுக்கக்கூட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாள். 'கோபமா?' என்று என்னிடம் எழுதிக் கேட்டாள். எதற்குக் கேட்டாள் என்று தெரியவில்லை. இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை.

பிப்ரவரி 18

டெக்னிக்கல் ஒத்திகை. அவள் பேசாமல் நடக்கட்டும், வசனத்தை நீ மைக்கில் சொல் என்றார் சார். நான் அரங்கின் கடைசியில், மேசை விளக்கு வெளிச்சத்தில். ஒரு காதில் ஹெட்செட். ஹெட்செட்டில் 'கோ' என்ற சொல்லை க்யூவுக்குத் தவிர வேறெதற்கும் சொல்லக் கூடாது, வேறு பேச்சில் வாய்தவறி வந்தாலும் விளக்கு மாறிவிடும். அதனால் ஹெட்செட்டுக்கு ஒரு வாய், மைக்குக்கு ஒரு வாய் என்று வைத்துக்கொண்டேன்.

கடிதத்தை மடித்தாள். 'க்யூ 41 ஸ்டாண்ட்பை.' அப்புறம் மௌனம். அவள் உடம்பு அங்கே, குரல் இங்கே. வாய் திறக்க வேண்டியது நான். எப்போது என்பதை அவள்தான் வைத்திருந்தாள். நொடி எண்ணுவதை விட்டுவிட்டு அவளையே பார்த்தேன். வலது தோள் மெல்ல ஏறியது. மூச்சை உள்ளே இழுக்கிறாள். 'கோ.' வெளிச்சம் இறங்கத் தொடங்கியது. அந்த மூச்சு திரும்பும் இடத்தில் வசனத்தைச் சொன்னேன். முழு அரங்கும் அசையவில்லை. 'அதேதான்' என்று மட்டும் அண்ணா ஹெட்செட்டில் சொன்னார்.

இத்தனை நாளும் அந்தப் பாத்திரம் எனக்குக் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று பாதி என்னிடம் இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 19

புத்தகத்தில் 41-க்கு எதிரே இருந்த '7 நொடி'யை அழித்துவிட்டேன். 'தோள்' என்று எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 20

நாளை நண்பகலுக்குள் குரல் வராவிட்டால் மேடைக்கு நீ போ என்கிறார் சார். வசனமும் நகர்வும் என்னைத் தவிர வேறு யாருக்கும் முழுதாகத் தெரியாது. உடையைப் போட்டுப் பார்த்தார்கள், இடுப்பில் கொஞ்சம் பிடித்தால் சரியாகிவிடும்.

ஜனவரியில் இதற்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். இப்போது என் கவலை முழுக்க மேசையைப் பற்றித்தான். உதவிப் பெண் நல்லவள், கவனமானவள், ஆனால் வசனத்துக்குக் காத்திருந்து 'கோ' சொல்கிறாள். வசனம் வரும்போது வெளிச்சம் பாதி இறங்கியிருக்க வேண்டும். நான் மேடையில் நின்றால் என் தோளை யார் பார்ப்பார்கள்?

பிப்ரவரி 21, காலை

குரல் பற்றி இன்னும் தகவல் இல்லை. நாடகம் 7 மணிக்கு என்றால் அரைமணி அழைப்பு 6.25-க்கு: நடிகர்கள் மேடையில் தயாராக நிற்க வேண்டிய நேரத்துக்கு அரைமணி முன்னால், திரை ஏறுவதற்கு 35 நிமிடம் முன்னால். அதற்குள் கதவுகள், தரையில் ஒட்டிய டேப் குறிகள், கடிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறதா, எல்லாம் பார்க்க வேண்டும்.

இப்போது உதவிப் பெண்ணை மேசையில் உட்கார வைத்து, நான் மேடையில் கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கிறேன். மறுபடியும் வசனத்தில்தான் சொன்னாள். இன்னொரு முறை போகிறோம்.