படிவத்தில் ஒரு கட்டம்

யாழ்ப்பாணத்துப் பிரதேச செயலகம் ஒன்றில் நான் கலாசார உத்தியோகத்தராகக் கடமையேற்றுப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் காலத்தில் கலாசார விழா, இலக்கியப் போட்டி, கலைஞர் கௌரவிப்பு என்று எத்தனையோ நிகழ்வுகளுக்கு நிகழ்ச்சி நிரல் தயாரித்திருக்கிறேன். என் வேலையையே நான் மறுபடி யோசித்துப் பார்க்கும்படி செய்தது, சென்ற ஆனி மாதத்தில் ஒரு சனசமூக நிலைய முற்றத்தில் நடந்த கலைமாலைதான். இடம்பெயர்ந்து வந்து எங்கள் பிரிவில் வாழ்பவர்களின் கலைகளையும் உணவையும் கதைகளையும் ஓரிடத்தில் கூட்டுவது அதன் நோக்கம்.

எங்கள் பிரிவில் அப்படிப்பட்டவர்கள் பல திசைகளிலிருந்தும் வந்து குடியிருக்கிறார்கள். 1990 இல் வலிகாமம் வடக்குக் கரையோரத்திலிருந்து எழும்பி, முகாம்களில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த கடற்றொழிலாளர் குடும்பங்கள் இருக்கின்றன. தோட்டப்புறங்களில் நடந்த வன்செயல்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்து, பின்னர் அங்கிருந்தும் பெயர்ந்து இங்கே சேர்ந்த மலையகக் குடும்பங்கள் இருக்கின்றன. புத்தளத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துவிட்டுத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களும், தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து தாய் தகப்பனோடு இங்கே வந்த இளைஞர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு பிரிவினருக்கும் மேடையில் பத்து நிமிடம், கீழே ஓர் உணவு மேசை என்று ஒரு திட்டத்தை வரைந்து, பங்குபற்றுவோருக்கான படிவத்தை விதானையார்மார் மூலம் அனுப்பி வைத்தேன். பெயர், முகவரி, கலைத்துறை என்பவற்றுக்குக் கீழே, எங்கள் அலுவலகப் படிவங்களில் வழக்கமாக இருப்பதுபோல, ‘சொந்த இடம்’ என்றும் ஒரு கட்டம் போட்டிருந்தேன்.

திரும்பி வந்த படிவங்களில் அந்தக் கட்டந்தான் என்னைத் தடுத்து நிறுத்தியது. வலிகாமம் வடக்குக் கரையோர ஊரான மயிலிட்டியைச் சேர்ந்த ஐயா ஒருவர் அதில் ‘மயிலிட்டி’ என்று எழுதியிருக்க, முகாமில் பிறந்த அவருடைய மகன் அதே ஊரை எழுதிவிட்டுப் பிறகு வெட்டியிருந்தார். யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வாழும் சோனகத் தெருவைச் சேர்ந்த தையற்காரர் தன் தெருவின் பெயரை எழுதியிருந்தார். அவருடைய பேரனின் படிவத்தில் ‘புத்தளம்’ என்று இருந்தது. தமிழ்நாட்டின் மண்டபம் முகாமில் பிறந்த இளைஞன் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களுக்குச் சொந்த இடம் வேறுவேறாக இருக்கிறது என்பதை நான் வேலை தொடங்கிய நாளிலிருந்து அறிந்திருக்க வேண்டும். எத்தனையோ ஆயிரம் படிவங்களில் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லியிருந்தும், நிரப்புகிறவரின் கை எங்கே தயங்குகிறது என்று நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

மலையகத்து அம்மா ஒருவரின் படிவம் வரவே இல்லை. அவரைத் தேடி வீட்டுக்குப் போனேன். எழுபதைத் தாண்டியவர். 1977 ஆம் ஆண்டு வன்செயலில், குடியிருந்த தோட்டத்து லயம் எரிக்கப்பட்டபோது கணவரோடும் கைக்குழந்தையோடும் கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். பிறகு யாழ்ப்பாணத்து வீடுகளில் சமையல் வேலை செய்து மகளைப் படிப்பித்தவர். அவருடைய பேத்திமார் மேடையில் கொழுந்து பறிக்கும் நடனம் ஆடவேண்டும் என்பது என் எண்ணம். கூடைக்கும் உடுப்புக்கும் செலவு மதிப்பீட்டில் காசு கூட ஒதுக்கியிருந்தேன். அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்: “என் பேத்திங்க கொழுந்து கண்டதே இல்ல மிஸ். கூடை மாட்டி ஆடினா அது அவுங்களுக்கும் பொய், எனக்கும் பொய். வேணும்னா நான் ரொட்டி சுட்டுத் தர்றேன், தேத்தண்ணி ஊத்தித் தர்றேன். பேச விட்டீங்கன்னா பேசுறேன்.”

அன்று பின்னேரமே நிகழ்ச்சி நிரலை மாற்றினேன். மேடையைக் கைவிட்டு முற்றத்தில் வட்டமாகக் கதிரை போடுவது, பிரதம விருந்தினரின் உரையை ஐந்து நிமிடத்துக்குள் நிறுத்துவது, கதை சொல்பவருக்கு நேரம் குறிக்காமல் விடுவது என்று முடிவு செய்தோம். மேலதிகாரியைச் சம்மதிக்க வைப்பது இலகுவாக இருக்கவில்லை. ஆனாலும் அவர் சம்மதித்தார், அதற்கு நான் நன்றியுடையவள்.

நிகழ்வு நாளில் சோளகக் காற்று கடுமையாக வீசியது. பந்தல் துணியை இரண்டு தரம் இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. பின்வளவில் பெண்கள் ஒடியற்கூழுக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஒடியல் மாவை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கைப்பைப் போக்கிவிட்டு, மீனும் நண்டும் றாலும் பயற்றங்காயும் பிலாக்கொட்டையும் மரவள்ளியும் அவிந்த பிறகே அதைக் கரைத்து ஊற்றுவார்கள். பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்ந்து கொதிக்கும்போது வீதியில் போகிறவரும் நின்று விசாரிப்பார். அவர்களுக்குப் பக்கத்தில் அந்த அம்மா தேங்காய்ப்பூப் போட்டுக் குழைத்த கோதுமை மாவை உள்ளங்கையால் தட்டித் தட்டித் தட்டையாக்கிக் கல்லில் போட்டுக்கொண்டிருந்தார். கட்டச்சம்பலை அம்மியில்தான் அரைப்பேன் என்று பிடிவாதமாக நின்றதால், மூன்று வீடுகள் ஏறி இறங்கி ஓர் அம்மியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தோம்.

முதலில் பேசியவர் மயிலிட்டி ஐயா. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவைப் பாடச் சொல்லிக் கேட்டிருந்தேன். அவர் அதைப் பாடுவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து வலை பொத்தும் ஊசி ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒரு சாண் நீளம், பனஞ்சிராம்பில் சீவியது. நூல் சுற்றிச் சுற்றி நடுப்பகுதி கண்ணாடி போல் மினுங்கியது. 1990 ஆனியில் ஊரை விட்டு வரும்போது மடியில் இருந்தது அது மட்டுந்தானாம். கடலில்லாத முகாமில் இருந்துகொண்டு தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன காலத்திலும், இரவில் பழைய வலைத்துண்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, கை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே பொத்துவாராம். மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்டபோது இருபத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன. “கை மறக்கேல்லைப் பிள்ளை, தோள்தான் ஏலாமல் போச்சு” என்றார். அதன் பிறகு பாடினார். பின்பாட்டு எடுக்க வேண்டிய அவருடைய மகனுக்கு வரிகள் தெரியவில்லை. கூட்டத்திலிருந்த வேறு இரண்டு முதியவர்கள் எழுந்து வந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

அடுத்து அந்த அம்மா. இந்தியாவிலிருந்து வந்த தன் முன்னோர்கள் மன்னாரில் இறங்கிக் காட்டுப்பாதையால் மாத்தளை வரை நடந்த கதையைத் தன் பாட்டி சொல்லக் கேட்டபடி சொன்னார். அந்த வருகையின் இருநூறாவது ஆண்டு நினைவாக 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நடைபயணத்தில், கால் ஏலாத நிலையிலும் முதல்நாள் கொஞ்சத் தூரம் நடந்திருக்கிறார். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகிய தகப்பன், 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட பெரியப்பா, இங்கே தங்கிவிட்ட தான் என்று ஒரு குடும்பம் எப்படிப் பிரிந்தது என்பதை அவர் சொன்ன விதத்தில் எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை. அந்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. அவருடைய பெரியப்பாவும் தகப்பனும் அந்த இரண்டு கணக்குகளிலும் ஆளுக்கொருவராக இருந்தார்கள்.

பிறகு அவருடைய கதை யாழ்ப்பாணத்துக்கு வந்தது. நாங்கள் எதிர்பாராத இடம் அதுதான். தான் வேலை செய்த முதல் வீட்டில் தனக்கென்று ஒரு தகரக்கோப்பை இருந்ததாகவும், அது குசினிக்கு வெளியே தாழ்வாரத்து வளையில் கொழுவிக் கிடந்ததாகவும், தேத்தண்ணி ஊற்றுபவர் தன் கேத்தில் அந்தக் கோப்பையில் முட்டாதபடி உயர்த்திப் பிடித்தே ஊற்றுவார் என்றும் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. “நாங்க தோட்டக்காட்டு ஆளுங்கதானே” என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். அந்தச் சொல்லை என் வீட்டிலும் நான் கேட்டிருக்கிறேன். முற்றத்தில் இருந்த பலரும் தங்கள் வீட்டில் அதைக் கேட்டவர்களாகவே இருந்திருப்பார்கள். ஒருவரும் மற்றவரின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கையிலும் அவர் ஊற்றித் தந்த தேத்தண்ணி இருந்தது.

ஒரு கலைமாலையில் இப்படிப்பட்ட கதைக்கு இடமுண்டா என்று பின்னர் என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். இருக்க வேண்டும் என்றே நான் உறுதியாக நம்புகிறேன். வந்தவர்களின் ரொட்டியை ருசித்துவிட்டு, வந்த இடத்தில் அவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்காமல் எழுந்து போவது கலாசார நிகழ்வாகாது.

தையற்காரரின் முறை வந்தபோது இருட்டிவிட்டது. 1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி காலையில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஜின்னா மைதானத்தில் கூடச் சொன்ன விடுதலைப் புலிகள், இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி கட்டளையிட்டதைச் சுருக்கமாகச் சொன்னார். வடக்கு முழுவதிலுமிருந்து 70,000 பேருக்கு மேல் அப்படி அனுப்பப்பட்டார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். அவர் சொன்னது ஒரு காற்சட்டையைப் பற்றி. “அரைவாசி தைச்ச காற்சட்டை மெசினிலயே கிடந்தது. ஒரு தமிழ்ப் பிள்ளையின்ரை. இடுப்பு முப்பது, நீளம் முப்பத்தொன்பது. பின்னேரம் வந்து எடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். காசு முழுக்கத் தந்திட்டான். அந்தக் கடன் எனக்கு இப்பவும் கிடக்கு.” புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் மறுபடி தையல் மெசின் வாங்கிய நாளிலும் அந்த அளவுதான் முதலில் ஞாபகம் வந்ததாம்.

அவர் திகதியைச் சொன்னபோது கூட்டத்துக்குள் ஓர் அசைவு ஏற்பட்டது. எங்களில் பெரும்பாலானோருக்கு ஒக்ரோபர் 30 என்றால் 1995 தான். அன்றிரவு போருக்குத் தப்பி, மழைக்குள் வலிகாமம் முழுவதும் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. அம்மாவின் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நடந்ததும், தாகத்துக்கு ஆட்கள் குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைநீர் ஏந்தியதும் நினைவிருக்கிறது. சரியாக ஐந்து ஆண்டுகளின் முன் அதே நாளில் வேறு சிலர் இதே ஊரை விட்டு நடந்தார்கள் என்று அந்த வயதில் எனக்கு யாரும் சொல்லவில்லை. வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. நாங்கள் ஆறேழு மாதங்களில் 1996 சித்திரையிலும் வைகாசியிலும் வீடு திரும்பத் தொடங்கினோம். அவர்கள் திரும்புவதற்கு ஒரு தலைமுறையே சென்றது.

கதைகள் முடிந்து உணவுக்கு எழும்பியபோது தையற்காரரின் குடும்பம் பாய் விரித்துச் சஹன் வைத்தது. ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சோறும் கறியும் எடுத்து உண்பது அவர்களின் விருந்து முறை. எச்சில் பார்த்து வளர்ந்த எங்களவர்கள் கொஞ்சம் தயங்கி நின்றார்கள். மயிலிட்டி ஐயா வந்து முதலில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் மண்டபம் முகாமில் பிறந்த இளைஞன். தன் பேச்சைப் பள்ளிக்கூடத்தில் ‘இந்தியக் கதை’ என்று மற்றப் பிள்ளைகள் சிரித்ததைச் சொல்லத்தான் அவன் வந்திருந்தான்; ஆனால் கூச்சத்தில் அன்று வாய் திறக்கவில்லை. தையற்காரர் அந்த அம்மாவைக் கையசைத்துக் கூப்பிட்டார். “வாங்க ராத்தா” என்றார். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார், பிறகு வந்து இருந்தார். நான்காவதாக என் அம்மா. ஐந்தாவதாக நான் இருந்தேன். சோற்றின் நடுவில் இருந்த இறைச்சியைத் தையற்காரர் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமாகவும் தள்ளி விட்டார்.

அன்றிரவு வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, நான் கேட்காமலே, 1990 இல் எங்கள் வீடு பட்டணத்தில் ஐந்துசந்திக்குச் சற்றுத் தள்ளி இருந்ததைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். “சனம் பைகளோடை போனது எங்கடை படலையடியாலைதான். நான் உன்னைத் தூக்கி வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். ஒரு செம்பு தண்ணி குடுக்கக்கூடப் பயம்.” முப்பத்தைந்து ஆண்டுகளாக அவர் இதை ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

நிகழ்வின் அறிக்கையில் கலந்துகொண்டோர் தொகை, செலவு, புகைப்படங்கள் என்பவற்றை வழக்கம்போல இணைத்து அனுப்பினேன். இந்தக் கதைகளைத் தொகுத்துச் சனசமூக நிலைய வாசிகசாலையில் வைப்பதற்கு இப்போது ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கி வருகிறோம். அதற்கான புதிய படிவத்தில் ‘சொந்த இடம்’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, ‘வாழ்ந்த இடங்கள்’ என்று போட்டு நான்கு வரிகள் விட்டிருந்தேன். மயிலிட்டி ஐயாவுக்கு அந்த நான்கு வரிகள் போதவில்லை. மீதியைத் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்.