மஞ்சாடி விதைகளை நிறுத்துப் பார்த்தேன்

பழைய பொன் நிறைக் கணக்கில் இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. விதையையே எடைக்கல்லாக வைத்துத் தங்கம் நிறுத்திருக்கிறார்கள். நாலு மஞ்சாடி ஏறக்குறைய ஒரு கிராம் என்பார்கள். அந்த 'ஏறக்குறைய' எவ்வளவு என்று பார்க்கத்தான் இறங்கினேன். குன்றிமணி விஷம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் அதைத் தொடவில்லை.

மில்லிகிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். மஞ்சாடியின் தோல் லேசில் தண்ணீரை உள்ளே விடாது. அதனால் மழைநாளில் எடை ஏறுமோ என்ற கவலை அவ்வளவாக இல்லை.

கஷ்டம் பொறுக்குவதில்தான். மஞ்சாடி மரத்தடியில் குனிந்தால் கை தானாகப் பெரிய, பளபளப்பான விதைக்குத்தான் போகிறது. சப்பையானதும் மங்கியதும் கண்ணிலேயே படாது. அப்படிப் பொறுக்கியதை நிறுத்தால் கிடைப்பது மரத்தின் சராசரி இல்லை, என் ரசனையின் சராசரி. ஆகவே மரத்தடியைக் கயிறு கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்தேன். எந்தக் கட்டம் என்பதை போன் தரும் குலுக்கல் எண் முடிவு செய்யும். அந்தக் கட்டத்தில் கிடப்பது சருகுக்கு அடியில் இருந்தாலும் முழுக்க வர வேண்டும். பையிலிருந்து கொஞ்சம் எடுக்கும்போதும் மேலாக அள்ளக் கூடாது; பை குலுங்கினால் பெரியவை மேலே வந்துவிடும். துணியில் கொட்டி, குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மறுபடி குவிக்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் தராசைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம் என்பேன்.

கணக்குக்கு ஒரு சின்ன மாதிரி. அப்படிப் பிரித்து எடுத்த ஐந்து விதைகள்: 240, 270, 250, 220, 270 மில்லிகிராம். சராசரி 250. சராசரியிலிருந்து ஒவ்வொரு விதையும் விலகும் அளவை வர்க்கமாக்கிக் கூட்டினால் 1800. பத்தாம் வகுப்பில் இதை ஐந்தால் வகுக்கச் சொல்லித் தந்தார்கள். இங்கே நாலால் வகுக்க வேண்டும். மரத்தின் உண்மையான சராசரி தெரியாமல், கையிலுள்ள விதைகளின் சராசரியிலிருந்தே விலக்கத்தை அளப்பதால் சிதறல் கொஞ்சம் குறைவாகவே தெரியும். ஒன்றைக் குறைத்து வகுத்தால் அது சரிக்கட்டப்படும். 450, அதன் வர்க்கமூலம் சுமார் 21. இதுதான் திட்ட விலக்கம், அதாவது எடைகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு. சராசரியில் இது எத்தனை சதவீதம் என்று பார்த்தால் மாறுபாட்டுக் கெழு, சுமார் 8.5. புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1890-களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அளவை இது. விதையையும் யானையையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட வைப்பது இதுதான்.

பல மரங்களுக்குப் போனதும் கதை மாறியது. ஒரு மரத்து விதைகள் தங்களுக்குள் ஓரளவு ஒத்துப்போகின்றன. பக்கத்துத் தெரு மரத்தின் சராசரியே வேறாக இருக்கிறது. ஒரே மரத்தில் ஆயிரம் விதை நிறுத்தாலும் 'மஞ்சாடி எவ்வளவு மாறுபடும்' என்ற கேள்விக்கு அது ஒரு மரத்தின் சாட்சிதான். எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொட்டிச் சராசரி போட்டால் எண்ணிக்கை பெரிதாகத் தெரியுமே தவிர, நம்பகம் கூடாது. மரத்துக்கு இருபது விதை எடுத்து, மரங்களைக் கூட்டுவதுதான் புத்தி. நோட்டில் இப்போது மரத்துக்கு ஒரு பக்கம்.

தங்க நிறுவையும் இப்போது புரிகிறது. ஒற்றை விதை முன்னே பின்னே இருக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் எடுத்த நூறு விதைகளைச் சேர்த்து நிறுத்தால் மாறுபாடு சதவீதக் கணக்கில் பத்தில் ஒரு பங்காகிவிடும், நூறின் வர்க்கமூலம் பத்து என்பதால். பார்த்துப் பொறுக்கி ஒரே அளவாகச் சேர்த்தால் இன்னும் குறையும். எனக்குக் கூடவே கூடாத அந்தப் பொறுக்கல்தான் பத்தருக்கு வேண்டியது!

அடுத்து, கனமான விதையிலிருந்து வரும் செடி கனமான விதையே தருமா? டென்மார்க்கின் தாவரவியலாளர் யோகான்சன் 1903-இல் அவரை இன விதைகளில் இதைச் சோதித்து எழுதினார்: ஒற்றைச் செடியிலிருந்து தன்மகரந்தச் சேர்க்கையால் வந்த வழியில் பெரிய விதையைத் தேர்ந்தெடுத்து விதைத்தாலும் அடுத்த தலைமுறைச் சராசரி நகரவில்லை. மஞ்சாடி மரம் காய்க்கும்வரை காத்திருக்க என்னால் ஆகாது. காராமணியும் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கைதான்; சில மாதத்தில் காய்த்துவிடும். ஒரே செடியில் எடுத்த விதைகளில் கனத்ததையும் லேசானதையும் பிரித்து, மாடியில் கலந்து கலந்து ஊன்றியிருக்கிறேன். வெயில் படும் பக்கம் முழுக்க ஒரே வகைக்குப் போய்விடாதபடி தொட்டி வரிசையையும் குலுக்கல் எண்ணில்தான் போட்டேன்.