காயம்பட்ட விரலும் அன்றைய கூலியும்: என் முனைவர் பட்ட ஆய்வு

தூத்துக்குடி பக்கம் இறால் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஆலைகளில்தான் என் ஆய்வு நடந்தது. தலைப்பு, உணவுப் பாதுகாப்புக் கலாச்சாரத்தை மேம்படுத்துவது. அதாவது, உணவு அசுத்தமாகாமல் பார்த்துக்கொள்வதை ஆலையில் எல்லாரும் வழக்கமாகவே செய்ய வைப்பது. இதே துறையில் புதிதாகப் பதிவு செய்திருப்பவர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்தத் தலைப்புக்கு இப்போது மவுசு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 2018-ல் பெரிய உணவு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஜிஎஃப்எஸ்ஐ என்ற உலக அமைப்பு இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. 2020-ல் உலக நாடுகளுக்கான உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு தன் உணவுச் சுகாதார நெறிகளில் இதைச் சேர்த்தது. 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம், 2021/382 என்ற ஒழுங்குமுறை வழியே சட்டமாகவே ஆக்கிவிட்டது. 1997-ல் இந்தியக் கடல் உணவுக்கு ஐரோப்பா தடை போட்டதை அனுபவித்த முதலாளிகள் இன்னும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஐரோப்பியச் சட்டம் என்றால் உட்கார்ந்து கேட்பார்கள். எனக்கு ஆலைக் கதவு திறந்ததே அதனால்தான்.

அனுமதி கேட்கப் போகிறவர்கள் தரத் தணிக்கை (ஆடிட்) நெருங்கும் நேரத்தில் போகாதீர்கள். ஆலையின் பெயர் எங்கும் வராது என்று எழுத்தில் கொடுங்கள், கடைசியில் அவர்களுக்கென்று தனி அறிக்கை தருவதாகச் சொல்லுங்கள். தொழிலாளிகளின் பெயரை நிர்வாகம் கேட்கக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பின்னால் கட்டாயம் கேட்பார்கள். என்னிடம் கேட்டபோது அந்தத் தாள்தான் காப்பாற்றியது.

அடுத்தது கேள்வித்தாள். 'என் ஆலையில் பாதுகாப்புக்குத்தான் முதலிடம்' என்பது போன்ற வாக்கியங்களுக்கு ஐந்து நிலைகளில் பதில். எல்லா ஆலையிலும் ஏறக்குறைய எல்லாரும் 'முழுக்க ஒத்துக்கொள்கிறேன்' என்றே போட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் அறையின் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து வேறு எதைப் போடுவார்கள்? நிர்வாகவியல் அறிஞர் எட்கர் ஷைன் நிறுவனக் கலாச்சாரத்தை மூன்று அடுக்காகப் பிரிப்பார்: கண்ணில் படுவது, வாயால் சொல்வது, யாரும் சொல்லாமலே எல்லாரும் நம்புவது. கேள்வித்தாள் இரண்டாவது அடுக்கைத் தாண்டாது. தாளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2005-ல் பிரிட்டனின் தெற்கு வேல்ஸில் பள்ளிக் குழந்தைகளுக்கு ஈ.கோலை ஓ157 என்ற பாக்டீரியாத் தொற்று பரவியது. ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பள்ளிகளுக்கு இறைச்சி கொடுத்த நிறுவனத்தில் பச்சை இறைச்சிக்கும் சமைத்த இறைச்சிக்கும் ஒரே வாக்குவம் பேக்கிங் இயந்திரத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். அங்கே பதிவேடுகளில் பொய் எழுதப்பட்டிருந்ததை 2009-ல் வந்த விசாரணை அறிக்கை காட்டியது. தாளில் இருப்பதை மட்டும் அளக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றதற்கு அந்த அறிக்கையும் ஒரு காரணம்.

அதனால் உரிக்கும் ஹாலில் போய் நின்றேன். 'கவனிக்க வந்திருக்கிறேன்' என்று எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவிட்டேன். மறைந்து நின்று பார்க்க, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் அறநெறிக் குழு சம்மதிக்காது, எனக்கும் மனம் வராது. புது ஆள் நிற்கும்போது எல்லாரும் ஒழுங்காகத்தான் கை கழுவுவார்கள். அந்தக் கூச்சம் போகும் வரை நிற்கும் பொறுமை வேண்டும். ஷிப்ட் தொடக்கம், டீ இடைவேளைக்குப் பின், லாரி காத்திருக்கும் கடைசி நேரம் என்று மூன்றையும் தனித்தனியாகக் குறித்தேன். கடைசி நேரத்தில் கை கழுவும் குளோரின் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் யாரும் வருவதில்லை.

காரணம் சோம்பல் இல்லை. உரிக்கிற கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. தொட்டிக்கு நடந்து போய்வரும் நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை.

ஒரு நாள் ஓர் அக்கா இடது கையை உள்பக்கமாக மடக்கிக்கொண்டே இறால் உரித்துக்கொண்டிருந்தார். கையுறைக்குள்ளே ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது, அதில் ஈரச் சிவப்பு. இறால் தலையின் முள் ஆழமாகக் குத்தியிருக்கிறது. "சொல்லலையாக்கா?" என்றேன். "கையைக் காட்டுனா வீட்டுக்குப் போன்னுருவாங்க. இன்னைக்குக் கூலி போச்சுல்லா, யம்மா?" என்றார். காயத்தில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா இறாலில் பெருகி நச்சை உண்டாக்கிவிட்டால், சமைக்கிற சூட்டிலும் அந்த நச்சு அழியாது. இது அந்த அக்காவுக்கும் தெரியும். பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள், அவரே எனக்குத் திருப்பிச் சொன்னார். அவருக்கு இன்னொரு வகுப்பு எடுத்து என்ன ஆகப்போகிறது?

என் ஆய்வின் மையம் அங்கேதான் கிடைத்தது. சரியாக நடந்துகொள்வதற்கு ஆகும் செலவு யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். கூலிக்காரர் தலையில் விழுகிற வரைக்கும் சுவரில் எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் கலாச்சாரம் மாறாது.

இதைச் சோதிக்க, ஓர் ஆலையில் பயிற்சி மட்டும் கொடுத்தோம். இன்னொன்றில் பயிற்சியோடு ஒரு விதியும் வந்தது: காயத்தைச் சொன்னால் நீல நிறப் பிளாஸ்டர் போட்டு, அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலைக்கு மாற்றுவார்கள், அன்றைக்கு அவருடைய சராசரிக் கூலி கிடைக்கும். நிர்வாகத்தைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு கன்டெய்னர் திரும்பி வந்தால் ஆகும் நஷ்டத்தையும் இந்தக் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டிய பிறகே இறங்கி வந்தார்கள்.

விதி வந்த ஆலையில் காயப் பதிவேடு மளமளவென்று நிறைந்தது. புள்ளியியல் பகுதிக்கு நல்ல மென்பொருளும் நல்ல நண்பரும் போதும், அதை விட்டுவிடுகிறேன். வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் நேராகக் கேட்டார், "காயங்கள் கூடியிருக்கின்றனவே, இதுவா முன்னேற்றம்?" ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது, சம்மதித்தவர்களின் கைகளைப் பார்த்துத் தனியாகக் குறித்து வைத்திருந்தேன். காயங்கள் முன்பு போலவேதான் இருந்தன, மறைக்கப்பட்டவைதான் குறைந்திருந்தன. அந்த அட்டவணையைக் காட்டியதும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பதிவேட்டை மட்டும் நம்பியிருந்தால் அந்த இடத்தில் என்னிடம் பதில் இருந்திருக்காது.

கை கழுவும் நேரத்தைக் கூலியில் சேர்க்க மட்டும் நான் கேட்ட எந்த ஆலையும் ஒப்பவில்லை. யாராவது இதை எடுத்துச் செய்ய வேண்டும். என் கண்காணிப்புப் படிவங்கள் தமிழில்தான் இருக்கின்றன, கேட்பவர்களுக்குத் தருகிறேன்.